வந்த நாய் வீடு பழகும் விதம்: நாட்டு நாயும் சிப்பிப்பாறையும்

கொஞ்ச காலத்துக்கு ஒரு நாயை வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டால், ஜாதி நாய் என்றதும் சரி என்பவர்கள் தெருவில் வளர்ந்தது என்றதும் தயங்குகிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்து வீடுகளைப் பொறுத்தவரை இந்தத் தயக்கம் இடம் மாறியிருக்கிறது. தெருவில் வளர்ந்த நாட்டு நாயைவிட வீடு பழகத் திணறுவது சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஜாதி வேட்டை நாய்கள்தான்.

தெருவில் வளர்ந்த நாய்க்கு மனிதர்களைத் தெரியும். சோறு போடுகிறவர் யார், கல்லெடுக்கிறவர் யார் என்று தூரத்திலேயே கண்டுகொள்ளும். அது மிரள்வது மூடிய கதவைப் பார்த்து. அதனால் முதல் நாளே அறைக்குள் அடைக்காமல், திண்ணையிலோ கொல்லைப்புறத்திலோ கம்பிக்கதவுக்கு உட்பட்ட ஒரு மூலையில் சாக்கு விரித்து, தண்ணீர் வைத்து, சோற்றை ஒரே நேரத்துக்குக் கொடுத்து விட்டுவிடுவது நல்லது. தின்னும்போது கிட்டே போகக் கூடாது. போட்டிக்கு நடுவே தின்று வளர்ந்தது உறுமத்தான் செய்யும். படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யாத பழக்கம் ஏற்கெனவே இருப்பதால், வெளியே போய் வரச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. வந்த அன்றே பிடித்துக் குளிப்பாட்டும் அவசரம் நம் வீடுகளில் அதிகம். அழுக்கு ஒரு வாரம் இருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. உண்ணி அப்படியல்ல, அதனால் வரும் காய்ச்சல் நாயைக் கொல்லவும் கூடும். கால்நடை மருத்துவரிடம் காட்டி உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் மருந்து, வெறிநோய்த் தடுப்பூசி என்று முதலிலேயே முடித்துவிட வேண்டும்.

சிப்பிப்பாறையின் கதை வேறு. விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் காட்டில், கண்ணில் பட்டதை விரட்டிப் பிடிப்பதற்கென்றே வளர்த்த இனம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். வேலை போனது, ஓட்டம் போகவில்லை. பக்கத்து வீட்டுக் கோழியும் ஆட்டுக்குட்டியும் அதற்கு முயல்தான். கிராமத்தில் ஒரு கோழி போனால் அன்று மாலையே பஞ்சாயத்து. விராலிமலைப் பக்கமென்றால் மயில் வேறு குறுக்கே வரும். அதைத் துரத்திக் கடித்துவிட்டால் விவகாரம் வனத்துறை வரை போகும். இடுப்பளவுச் சுவரை ஒரே தாவில் தாண்டும். நாளெல்லாம் கட்டிப்போட்டால் மூர்க்கமாகிறது, அவிழ்த்துவிட்டால் பொட்டலில் மறைந்துவிடுகிறது. காலையும் மாலையும் நீளக் கயிற்றில் பிடித்து நடத்துவதே வழி. கூப்பிட்டால் திரும்பும் பழக்கம் வரும்வரை கயிறு கையிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று, இது பெரும்பாலும் ஒருவர் கைக்குப் பழகும் நாய். கை மாறினால் ஓரிரு நாள் சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காது. வீட்டில் எல்லாரும் மாறி மாறிக் கொஞ்சுவதை நிறுத்தி, ஒருவரே சோறு வைத்து நடத்திச் செல்ல வேண்டும். தோல் மெல்லியது, உடம்பில் கொழுப்பும் குறைவு. வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தால் முழங்கை புண்ணாகும். மார்கழிப் பனியும் தாங்காது.

மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதம் நம்பிக்கை என்று மேலைநாட்டுக் காப்பகங்கள் ஒரு கணக்குச் சொல்கின்றன. அது கைக்கணக்கு, அவ்வளவுதான். நார்த்தாமலைத் திருவிழா வாணவேடிக்கையோ தீபாவளியோ இடையில் வந்தால் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அந்த நாட்களில் இரண்டையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்துங்கள்.

நாட்டு நாய்க்கு இப்போது கூடுதல் அவசரம் உண்டு. 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடை முடிந்த தெரு நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ஆனால் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையங்களில் பிடிபட்டவற்றை அங்கே திரும்ப விடக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவற்றுக்குக் காப்பகம் வேண்டும்; இல்லையேல் வீடு வேண்டும்.

கோழியும் ஆடும் உள்ள வீடென்றால் யோசிக்காமல் நாட்டு நாயை எடுங்கள். ஆளுயரச் சுற்றுச்சுவரும், தினம் இரண்டு வேளை கூட நடக்க ஓர் ஆளும் இருந்தால் மட்டும் சிப்பிப்பாறைக்கு ஒப்புக்கொள்ளுங்கள்.