டென்மார்க்கின் சிறு கட்சிகள்

தரங்கம்பாடிக் கடற்கரையில் அலைகள் வந்து மோதும் இடத்தில் ஒரு பழைய கோட்டை நிற்கிறது. 1620-ஆம் ஆண்டில் தஞ்சை நாயக்க மன்னரின் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் அதனைக் கட்டத் தொடங்கினர். 1845-ஆம் ஆண்டில் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினர். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நம்மில் சிலர் அக்கோட்டையைக் கண்டிருக்கலாம். அதனைக் கட்டியவர்களின் தேசம் பின்னர் எவ்வாறு வாழ்ந்தது என்பதை நாம் அதிகமாக எண்ணிப் பார்ப்பதில்லை.

டென்மார்க்கு மிகச் சிறிய நாடு. பரப்பில் தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்கு. மக்கள்தொகை ஏறத்தாழ 60 லட்சம். எனினும் கடந்த அரை நூற்றாண்டில் அங்கே தோன்றி, வளர்ந்து, தேய்ந்த சில சிறு கட்சிகளின் வரலாறு பெரிய நாடுகளும் கற்கத்தக்கது. மேலிடத்தார் வேறு, சாமானியர் வேறு. சாமானியரின் குரல் நாங்களே என்று முழங்கும் வலதுசாரிக் கட்சிகள் அவை. தனித்து ஆட்சி அமைக்கும் பலம் அவற்றுக்கு ஒருபோதும் வாய்க்கவில்லை. ஆட்சி செய்யாதவர்கள் ஒரு நாட்டின் போக்கை எவ்வாறு மாற்ற இயலும்? இதுவே நாம் இன்று ஆராயப் புகும் கேள்வி.

முதலில் அந்நாட்டு ஆட்சி முறையின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். 1849-ஆம் ஆண்டில் டென்மார்க்கு அரசியல் சட்டத்துக்கு உட்பட்ட முடியாட்சியாயிற்று. 1953-ஆம் ஆண்டுச் சட்டம் மேல்சபையை ஒழித்தது. ஃபோல்கெடிங் என்னும் ஒரே சபை நிலைத்தது. அதில் 179 ஸ்தானங்கள். அவற்றுள் இரண்டு ஃபாரோ தீவுகளுக்கும், இரண்டு கிரீன்லாந்துக்கும் உரியவை. நம் நாட்டைப்போல் தொகுதிக்கு ஒருவர் என்ற முறை அங்கில்லை. பெற்ற வாக்குகளின் விகிதப்படியே கட்சிகளுக்கு ஸ்தானங்கள் கிடைக்கின்றன. நாடு முழுவதிலும் 100-க்கு 2 வாக்குப் பெற்ற கட்சிக்கும் சபையில் இடமுண்டு.

1909-ஆம் ஆண்டுக்குப் பிறகு எந்தக் கட்சியும் அங்கே தனிப் பெரும்பான்மை பெற்றதில்லை. ஆகவே சிறுபான்மை அரசாங்கங்களே அங்கு வழக்கம். புதிய அரசாங்கம் நம்பிக்கை வாக்குக் கோர வேண்டுவதில்லை. சபையின் பெரும்பான்மை அதற்கு எதிராகத் திரளாதிருந்தால் போதும். இத்தகைய வீட்டில் சிறிய கதவுக்கும் பெரிய மதிப்பு உண்டு என்பது வெளிப்படை.

அக்கதவை முதலில் தட்டியவர்களுள் ஒருவர் முன்னாள் பிரதம மந்திரி கிநூத் கிறிஸ்டென்சன். 1953-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தை ஏற்காமல் தம் பழைய கட்சியான வென்ஸ்டிரெயை விட்டு விலகி, சுயேச்சையாளர் கட்சி என்ற ஒன்றை அவர் நிறுவினார். 1960-ஆம் ஆண்டில் அதற்கு 6 ஸ்தானங்கள் கிடைத்தன. 1966-ஆம் ஆண்டில் ஒன்றுமில்லை. அது சிறு தூறல். பெருமழை பின்னால் வந்தது.

அந்த மழைக்குக் கார்மேகம் திரட்டியது வரி. 1960-களில் டென்மார்க்கின் நல்வாழ்வு அரசு விரைந்து வளர்ந்தது. பள்ளிகள், மருத்துவமனைகள், முதியோர் உதவி யாவும் பெருகின. அவற்றுக்கேற்ப வரியும் பெருகியது. 1968-ஆம் ஆண்டில் மூன்று வலது, மைய கட்சிகள் கூட்டாக ஆட்சிக்கு வந்தபோது வரி குறையும் என்று பலர் நம்பினர். அது குறையவில்லை, மேலும் ஏறியது. 1970 முதல் சம்பளம் கைக்கு வருமுன்பே வரியைப் பிடித்துக்கொள்ளும் முறையும் நடைமுறைக்கு வந்தது. இடதாயினும் வலதாயினும் பழைய கட்சிகள் யாவும் ஒன்றே என்ற எண்ணம் பலர் உள்ளத்தில் வேரூன்றியது.

1971-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி தொலைக்காட்சியில் ஒரு வழக்கறிஞர் தோன்றினார். மோகென்ஸ் கிளிஸ்ட்ரப் என்பது அவர் பெயர். வரிச் சட்டத்தில் வல்லுநர். தாம் செலுத்தும் வருமான வரி பூஜ்யமே என்று கூறித் தம் வரி அட்டையையும் எடுத்துக் காட்டினார். அத்துடன் நிற்கவில்லை. வரி ஏய்ப்பவர்களை, ஜெர்மானியர் நாட்டை ஆக்கிரமித்திருந்த காலத்தில் ரயில் பாதைகளைத் தகர்த்த தேசபக்தர்களுக்கு ஒப்பிட்டார். 1940 முதல் 1945 வரை அந்நியப் படையின் கீழ் துன்புற்ற மக்கள் இதைக் கேட்டுத் திடுக்கிட்டனர். ஆயினும் திடுக்கிட்டவர்களைப்போலவே உள்ளூர மகிழ்ந்தவர்களும் அநேகர் இருந்தனர்.

1972-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் முன்னேற்றக் கட்சியைத் தொடங்கினார். வருமான வரியை ஒழிப்பது, அதிகாரிகளின் கூட்டத்தைக் குறைப்பது ஆகியவை அதன் கொள்கைகள். தேசப் பாதுகாப்புக்குப் படை எதற்கு, சரணடைகிறோம் என்று ரஷ்ய மொழியில் கூறும் தொலைபேசிப் பதிவுக் கருவி ஒன்று போதுமே என்றும் அவர் கூறினார். இது வேடிக்கையா, கொள்கையா என்று எதிரிகளுக்கு விளங்கவில்லை. விளங்காததே அவருக்கு வலிமையாயிற்று.

1973-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி நடைபெற்ற தேர்தலை டேனிஷ் மக்கள் இன்றும் நிலச்சரிவுத் தேர்தல் என்றே குறிப்பிடுகின்றனர். வீட்டு உரிமையாளர் மீதான வரிப் பிரச்சினையில் ஏர்ஹார்ட் யாகொப்சன் என்ற உறுப்பினர் சமூக ஜனநாயகக் கட்சியிலிருந்து பிரிந்து மைய ஜனநாயகக் கட்சியை அமைத்ததே அத்தேர்தலுக்கு உடனடிக் காரணம். முக்கியமான வாக்கெடுப்பு ஒன்றுக்கு அவர் வரவில்லை. காரில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று காரணம் கூறினார். முடிவு வெளிவந்தபோது சபையில் ஐந்தாயிருந்த கட்சிகள் பத்தாயின. சமூக ஜனநாயகவாதிகள் 70 ஸ்தானங்களிலிருந்து 46-க்கு இறங்கினர். முதன்முறை போட்டியிட்ட முன்னேற்றக் கட்சி 15.9 சதவிகித வாக்கும் 28 ஸ்தானங்களும் பெற்று இரண்டாவது பெரிய கட்சியாயிற்று. 22 ஸ்தானங்களே பெற்ற வென்ஸ்டிரெ கட்சி தனித்து அரசாங்கம் அமைத்த விந்தையும் அப்போது நிகழ்ந்தது. அதே ஆண்டில் அண்டை நாடான நார்வேயிலும் ஆண்டர்ஸ் லாங்கே என்பவரின் வரி எதிர்ப்புக் கட்சி 4 ஸ்தானங்களைப் பிடித்தது.

28 பேர் உள்ளே வந்துவிட்டனர். ஆனால் மற்றக் கட்சிகள் அவர்களோடு ஒப்பந்தம் செய்ய முன்வரவில்லை. அவர்களும் விட்டுக்கொடுத்துப் பழகியவர்கள் அல்லர். கிளிஸ்ட்ரப் மீது வரி மோசடி வழக்குத் தொடரப்பட்டுப் பல ஆண்டுகள் நடந்தது. 1983-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. சபையும் அவரை விலக்கியது. 1984-ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சிக்குக் கிடைத்தவை 6 ஸ்தானங்களே. மழை ஓய்ந்தது என்றே பலரும் கருதினர்.

ஆனால் கோபம் ஓயவில்லை. அதன் இலக்கே மாறிற்று. 1983-ஆம் ஆண்டில் டென்மார்க்கு அந்நியர் குறித்துத் தாராளமான சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. அகதியாக ஏற்கப்பட்டவர் தம் மனைவியையும் இளம் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ள அது சட்டபூர்வமான உரிமை அளித்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஈரான், லெபனான், இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து அகதிகள் வந்தனர். வரியை எதிர்த்த கட்சி இப்போது வந்தேறிகளை எதிர்க்கலாயிற்று. 1988-ஆம் ஆண்டில் அது 16 ஸ்தானங்களுக்கு உயர்ந்தது.

இந்தக் காற்று வீசிய காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி தமிழராகிய நாம் அறிந்திருக்க வேண்டியது. 1987-ஆம் ஆண்டில் நீதி மந்திரியாயிருந்த எரிக் நின்-ஹான்சென், பழமைவாதக் கட்சியைச் சேர்ந்தவர். அவர் இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்பத்தார் அளித்த மனுக்களைப் பரிசீலிக்காமல் நிறுத்திவைக்கும்படி தம் இலாகாவினருக்கு உத்தரவிட்டார். சட்டம் மாற்றப்படவில்லை, சபைக்கும் அறிவிக்கப்படவில்லை. மனுக்கள் மேசையிலேயே தங்கின. கணவர் டென்மார்க்கிலும், மனைவி மக்கள் போர் நடக்கும் நாட்டிலுமாகக் குடும்பங்கள் காத்திருந்தன.

குடிமக்களின் குறை கேட்கும் அதிகாரியான ஆம்புட்ஸ்மன் இதனை விசாரித்து 1989-இல் கண்டித்தார். பிரதம மந்திரி பவுல் ஷ்லூட்டர், எதையும் மூடி மறைக்கவில்லை என்று சபையில் உறுதி கூறினார். பின்னர் உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவர் நடத்திய விசாரணையின் அறிக்கை சுமார் 6,000 பக்கங்களாக 1993-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. பிரதம மந்திரியின் கூற்று நிலைக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அவரது ஆட்சி அத்துடன் முடிந்தது. 1910-ஆம் ஆண்டுக்குப் பிறகு கூடாத மந்திரிகளை விசாரிக்கும் தனி நீதிமன்றம் மீண்டும் கூடியது. 1995-ஆம் ஆண்டில் அது நின்-ஹான்செனைக் குற்றவாளி எனத் தீர்த்து, நான்கு மாதச் சிறைத் தண்டனை விதித்து அதனை நிறுத்திவைத்தது. டேனிஷ் வரலாற்றில் இது தமிழர் வழக்கு என்றே வழங்குகிறது.

இதில் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த உத்தரவை இட்டவர் கிளர்ச்சிக் கட்சிக்காரர் அல்லர். பழைமையும் மதிப்பும் வாய்ந்த கட்சியின் மூத்த தலைவர். சிறு கட்சிகள் மூட்டும் தீயைவிட, அத்தீக்கு அஞ்சியோ அதில் குளிர்காய விரும்பியோ பெரிய கட்சிகள் செய்வதே பல வேளைகளில் அதிக விளைவை உண்டாக்குகிறது.

கதை மேலும் வளர்ந்தது. கிளிஸ்ட்ரப்புக்குப் பதிலாக 1984-இல் சபைக்கு வந்தவர், முதியோர் இல்லங்களுக்குச் சென்று பணிவிடை புரிந்துவந்த பியா கியார்ஸ்கோர் என்ற பெண்மணி. கலகம் செய்வதைவிடக் கணக்கறிந்து பேரம் பேசுவதே பயன் தரும் என்பதை அவர் உணர்ந்தார். 1995-ஆம் ஆண்டில் மேலும் மூன்று உறுப்பினர்களுடன் பிரிந்து டேனிஷ் மக்கள் கட்சியை நிறுவினார். நல்வாழ்வு அரசை இக்கட்சி எதிர்க்கவில்லை. அந்நலன் அந்நியருக்குச் செல்லலாகாது என்றே கூறிற்று. 2001-ஆம் ஆண்டில் 22 ஸ்தானங்கள் பெற்றது. பத்து ஆண்டுக் காலம் அரசாங்கத்தை வெளியிலிருந்து தாங்கிற்று. மந்திரி பதவி ஒன்றும் ஏற்கவில்லை. விலையாகக் கேட்டது சட்டங்களையே. வெளிநாட்டு மணத்துணையை அழைத்துக்கொள்ள இருவருக்கும் 24 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்ற 2002-ஆம் ஆண்டு விதி அவ்வாறு வந்தவற்றுள் ஒன்று.

2015-ஆம் ஆண்டில் அக்கட்சி 37 ஸ்தானங்களுடன் இரண்டாம் இடம் பெற்றது. அப்போதும் அரசாங்கத்தில் சேர மறுத்தது. அதுவே அதன் உச்சி. மற்றக் கட்சிகளும், குறிப்பாகச் சமூக ஜனநாயகவாதிகளும், அதன் கடுமையான கொள்கைகளைத் தாமே மேற்கொண்டுவிட்டன. 2019-இல் அது 16 ஸ்தானங்களுக்கும், 2022-இல் 5 ஸ்தானங்களுக்கும் சுருங்கியது. அதனினும் கடுமை பேசிய கடும் போக்கு என்ற கட்சி 2019-இல் 1.8 சதவிகிதம் பெற்று வாயிற்படியிலேயே நின்றுவிட்டது. கட்சி தேய்ந்தது, கொள்கை எஞ்சியது.

வரலாறு சில வேளை திரும்பி வருவதுண்டு. 2016-ஆம் ஆண்டில் வென்ஸ்டிரெ கட்சியைச் சேர்ந்த மந்திரி இங்கர் ஸ்டொய்பெர், தம்பதிகளாக வந்த அகதிகளுள் ஒருவர் 18 வயது நிரம்பாதவராயின் இருவரையும் விசாரணையின்றிப் பிரித்து வைக்கும்படி ஆணையிட்டார். இளம் மனைவியரைக் காப்பதே தம் நோக்கம் என்றார். ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே ஆராயாமல் பிரித்தது சட்டவிரோதம் எனத் தனி நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்து 60 நாள் சிறை விதித்தது. சபை அவரை விலக்கியது. அடுத்த ஆண்டே அவர் புதிய கட்சி ஒன்றைத் தொடங்கி 14 ஸ்தானங்களுடன் சபைக்குத் திரும்பினார். நீதிமன்றத்தின் நியாயம் ஒன்று. வாக்குச் சாவடியின் நியாயம் வேறு. இரண்டும் ஒரே நாட்டில் அருகருகே நிற்கின்றன.

டென்மார்க்கின் ஜனநாயகம் பழுதுற்றது என்று இதனால் கூறிவிட முடியாது. மனக்குறை கொண்டவர்களுக்கு அது சபையில் இடமளித்தது. அவர்கள் தெருவில் கலகம் செய்ய நேரவில்லை. மந்திரியே சட்டத்தை மீறியபோது அவரையும் அது கூண்டில் ஏற்றியது. ஆயினும் சட்டத்தை மீறுவது ஒன்று. சட்டத்தையே மாற்றிவிடுவது மற்றொன்று. 1987-இல் மறைவாகச் செய்யப்பட்டது குற்றமாயிற்று. 2002-இல் பெரும்பான்மை வாக்கால் வெளிப்படையாகக் கதவு குறுக்கப்பட்டபோது நீதிமன்றத்துக்கு அங்கே வேலையில்லை. அதைத் தீர்மானிப்பது மக்களின் மனச்சாட்சி ஒன்றே.

ஜூட்லாந்துப் பகுதியில் பிராண்டெ, ஹெர்னிங் முதலிய ஊர்களில் இன்று தமிழர் எழுப்பிய கோவில்கள் உள்ளன. அங்கே வழிபடுபவர்களுள் சிலர், மேசையில் தங்கிய அந்த மனுக்களுக்காக ஒரு காலத்தில் காத்திருந்தவர்களாயிருக்கலாம். பிறந்த ஊரை விட்டு வேற்றுமொழி பேசும் மாநிலங்களில் வாழும் நமக்கு அக்காத்திருப்பின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. நம் தேசத்தில் நாம் குடிமக்கள். அவர்கள் அங்கே அகதிகளாய்ச் சென்றவர்கள். வேற்றுமை பெரிது. எனினும், புதிதாக வந்தவரை என்ன செய்வது என்ற கேள்வி எந்த ஊரிலும் என்றேனும் எழக்கூடியது. அப்போது அவ்வூரின் சிறு கட்சிகள் உரக்கப் பேசுவது இயல்பே. பெரியவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதையே நாம் கூர்ந்து கேட்க வேண்டும்.