ஆட்டொம் பொதிப் பதிவகம்

ஆட்டொம் பொதிப் பதிவகம் என்பது ஆட்டொம் என்னும் உரைத் தொகுப்பிக்கான நீட்சிகளைப் பட்டியலிட்டு வழங்கிய இணையச் சேவை ஆகும். இந்நீட்சிகள் பொதிகள் எனப்பட்டன. கிட்ஹப் நிறுவனம் இச்சேவையை 2022 டிசம்பர் வரை நடத்தியது. தொகுப்பியின் மூல நிரல் கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்டது. பதிவக வழங்கியின் நிரலோ வெளியிடப்படவில்லை. எனவே, ஆட்டொமைத் தொடர விரும்பியோர் பதிவகத்தைப் புதிதாக எழுத நேர்ந்தது.

வரலாறு

ஆட்டொம் 2014 பெப்ரவரியில் அறிமுகமானது. அதே ஆண்டு மே மாதத்தில் அதன் நிரல் எம்ஐடி உரிமத்தின் கீழ் திறக்கப்பட்டது. 2018 இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் கிட்ஹபை வாங்கியது. அந்நிறுவனம் விசுவல் ஸ்டூடியோ கோட் என்னும் மற்றொரு தொகுப்பியை ஏற்கனவே உருவாக்கி வந்தது. 2022 சூன் 8 அன்று ஆட்டொம் நிறுத்தப்படும் என அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 15 அன்று அதன் களஞ்சியம் மாற்றவியலாத காப்பகமாக்கப்பட்டது.

செயற்பாடு

பொதிகளின் நிரல் பெரும்பாலும் அவற்றை எழுதியோரின் கிட்ஹப் களஞ்சியங்களிலேயே இருந்தது. பொதியின் பெயர், பதிப்புகள், களஞ்சிய முகவரி முதலிய விவரங்களைப் பதிவகம் வைத்திருந்தது. தேடுதல், நிறுவுதல், இற்றைப்படுத்தல் ஆகிய அனைத்தும் அதன் வழியே நிகழ்ந்தன. ஆகவே பதிவகம் மூடப்பட்டால், நிரல் அழியாதிருப்பினும் தொகுப்பியிலிருந்து அதனை அடையும் வழி அடைபட்டுவிடும்.

பல்சர்

ஆட்டொமிலிருந்து கிளைத்த பல்சர் என்னும் திட்டத்தைத் தன்னார்வலர்கள் 2022 இல் தொடங்கினர். அவர்கள் பழைய பதிவகம் மூடப்படுமுன் பொதிகளின் விவரங்களைத் திரட்டி, புதிய பதிவகத்தை உருவாக்கினர். இதன் வழங்கி நிரல் திறந்த மூலமாக உள்ளது. திட்டத்தின் செலவுக்கு நன்கொடைகள் பெறப்படுகின்றன.

பொறுப்பு பற்றிய சிக்கல்

கட்டற்ற உரிமம் நிரலைப் படியெடுக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை தருகிறது. வழங்கியைத் தொடர்ந்து இயக்கும் கடமையை அது எவர்மீதும் சுமத்துவதில்லை. திரளப்பெயர், தரவுத்தளம், பயனர் கணக்குகள் ஆகியனவும் உரிமத்துள் அடங்கா. பொறுப்பு கைமாறும்போது பொதிப் பெயர்களின் உரிமையும் காக்கப்படல் வேண்டும். ஒரு பெயர் தவறானவர் கைக்குச் சென்றால், இற்றைப்படுத்தல் என்னும் பெயரில் தீநிரல் பயனரின் கணினியை அடையக்கூடும்.

ஒத்த நிகழ்வுகள்

* ஜென்கின்சு: ஆரக்கிள் நிறுவனத்துடன் ஏற்பட்ட பெயருரிமைப் பிணக்கால் 2011 இல் அட்சன் திட்டத்திலிருந்து பிரிந்தது, செருகுநிரல் வழங்கலைத் தானே நடத்துகிறது.
* ஓப்பன் விஎஸ்எக்சு: விசுவல் ஸ்டூடியோ கோட் நீட்சிகளுக்கான மாற்றுப் பதிவகம். டைப்பாக்சு நிறுவனம் தொடங்கிய இதனை எக்லிப்சு அறக்கட்டளை ஏற்று நடத்துகிறது.

இவற்றையும் பார்க்க

* கட்டற்ற மென்பொருள்
* பொதி மேலாண்மை