யார் வீட்டுப் பிள்ளை?

நோய்க்கு மருந்து வேண்டும். மருந்துக்குச் சோதனை வேண்டும். குழந்தைகளைத் தாக்கும் நோயென்றால் சோதனைக்குக் குழந்தையின் உடலே வேண்டும். மறுப்பதற்கில்லை. ஆனால், அது யார் வீட்டுக் குழந்தை?

1796, மே 14. இங்கிலாந்திலே, ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவனின் கையைக் கீறி, பசு அம்மை கண்ட பால்காரப் பெண்ணின் கொப்புள நீரைத் தடவினார் எட்வர்டு ஜென்னர். ஜூலை 1ஆம் நாள் பெரியம்மை நீரையே ஏற்றிப் பார்த்தார். பையன் பிழைத்தான், பின்னர் உலகும் பிழைத்தது. ஜென்னரைப் போற்றத்தான் வேண்டும். எனினும் அச்சிறுவன், ஜென்னரின் தோட்டத்தில் வேலை பார்த்த ஏழைத் தொழிலாளியின் மகன். எட்டு வயதுப் பையன்களுக்குப் பாடம் சொல்பவன் நான். அந்த வயது எதற்கும் தலையாட்டும் என்பதை அறிவேன்.

பழங்காலம், போகட்டும் என்பீர்கள். 1947இல், நாஜி மருத்துவர்களை விசாரித்த நூரம்பெர்க் நீதிமன்றம், மனமார்ந்த இசைவின்றி எவர்மீதும் சோதனை கூடாது என விதித்தது. பத்தாண்டுகூட ஆகவில்லை. வென்றவர்களின் நாட்டிலேயே, நியூயார்க் நகரின் வில்லோபுரூக் விடுதியில், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குக் கல்லீரல் அழற்சி நோய் வேண்டுமென்றே ஊட்டப்பட்டது. ஆம், ஊட்டப்பட்டது! நோயுற்றோர் மலத்திலிருந்து வடித்த சாற்றைக் குடிக்கக் கொடுத்தனர். நடத்தியவர் சால் குருக்மன், 1956 முதல்.

அவர் சொன்ன நியாயம் என்ன? விடுதியில் அந்நோய் மலிந்திருக்கிறது, எப்படியும் தொற்றும் என்பது. தெருவில் தீ பரவுகிறது, ஆகவே இந்தக் கூரையில் நானே கொள்ளி வைக்கிறேன் என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? விடுதியைத் துப்புரவாக்க வழியில்லை. பிள்ளையை நோயாளியாக்க வழியிருந்தது!

பெற்றோர் கையொப்பமிட்டார்களே என்றும் சொன்னார். 1964இன் இறுதியில், கூட்டம் நிரம்பி வழிந்ததால் விடுதியின் பொதுக்கதவு மூடப்பட்டது. சோதனைக் கூடத்தின் கதவு மட்டும் திறந்திருந்தது. இடம் தேடி அலைந்த தாய்க்கு அந்த ஒரு கதவையே காட்டிவிட்டு, அவள் இசைந்தாள் என்பதா?

அச்சோதனைகளால் அந்நோய் இருவகைப்பட்டது என்பது தெளிவாயிற்று. தடுப்பூசிக்கும் வழி பிறந்தது. அந்தப் பயனை மறைப்பது நேர்மையாகாது. 1953இல் போலியோத் தடுப்பூசியைத் தம் மூன்று புதல்வர்க்கும் போட்டார் ஜோனாஸ் சால்க். அவர்கூட, முந்திய ஆண்டு முதலில் சென்றது ஊனமுற்ற பிள்ளைகளின் இல்லத்துக்கே.

1966இல் ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர், அறம் பிறழ்ந்த ஆராய்ச்சிகளின் வரிசையிலே வில்லோபுரூக்கையும் வைத்து எழுதினார். 1983இல் வந்த அமெரிக்க விதி, பெற்றோரின் இசைவோடு, புரிந்துகொள்ளும் வயதுடைய பிள்ளையின் சம்மதத்தையும் கேட்கச் சொன்னது. வில்லோபுரூக் 1987இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இன்று ஒரு கல்லூரி நடக்கிறது.