ஜினியாவுக்குப் பெயர் தந்தவர்



வீட்டுத் தோட்டத்தில் விதையிலிருந்து எளிதாக வளரும் வண்ணப்பூ வேண்டுமென்றால் ஜினியாவை விதைக்கலாம். அப்பெயருக்குப் பின்னால் குறுகிய ஆயுசோடு மறைந்த ஒரு மனிதரின் வரலாறு இருக்கிறது. தொடங்கிய வேலையை முடிக்க நாட்கள் போதுமோ என்று கலங்குகிறவர்கள் அதை அறிந்துகொள்வது நல்லது.

ஜினியாவின் தாயகம் மெக்சிகோவும் அதைச் சூழ்ந்த நிலங்களும் ஆகும். ஐரோப்பியர் முதலில் அறிந்த வகை, சிவப்பும் மஞ்சளுமான சிறு பூக்களைத் தாங்கிய எளிய காட்டுச்செடியே.

அக்காலத்தில் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் யோகான் கோட்ஃபிரீட் ஸின் என்னும் இளம் பேராசிரியர் இருந்தார். 1727இல் பிறந்த அவர், 1753இல் அங்குள்ள தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். 1755இல் மனிதக் கண்ணின் அமைப்பைப் பற்றி லத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். கண்வில்லையைத் தாங்கி நிற்கும் நுண்ணிய இழைகளை அதில் விவரித்தார்; மருத்துவ நூல்கள் இன்றும் அவற்றை அவர் பெயராலேயே குறிக்கின்றன. 1757இல் கோட்டிங்கன் தோட்டத்துச் செடிகளைத் தொகுத்து மற்றொரு நூல் வெளியிட்டார். 1759 ஏப்ரலில், 31 வயதில், இறந்துபோனார்.

அதே ஆண்டில் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ், மெக்சிகோவின் அந்தச் செடியினத்துக்கு ஸின்னின் பெயரைச் சூட்டினார். இன்று நம் தோட்டங்களில் காணும் பெரும்பாலான ஜினியாக்களுக்கு மூலமான வேறொரு வகை, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஐரோப்பியத் தோட்டங்களுக்கு வந்தது. அடுக்கிதழ் மலர்கள் 19ஆம் நூற்றாண்டில் பரவின. டேலியாவை ஒத்த பெரிய மலர்கள் 1920களில் கலிபோர்னியாவின் விதைத் தோட்டங்களிலிருந்து வந்தன. தலைமுறை தலைமுறையாகச் சிறந்த பூவைத் தெரிந்தெடுத்து, அதன் விதையைக் காத்து, மறுபடியும் விதைத்தவர்களின் பொறுமையால் இவை உண்டாயின. ஸின் இவற்றில் ஒன்றையும் காணவில்லை.

இந்தச் செடி விண்வெளிக்கும் சென்றது. 2015 டிசம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வளர்ந்த ஜினியாக்களின் இலைகளில், ஈரம் மிகுந்ததால் பூஞ்சணம் படர்ந்தது. விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி கெட்ட இலைகளை வெட்டி அகற்றினார். கால அட்டவணையை விட்டு, செடியின் நிலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினார். 2016 ஜனவரியில் ஜினியா அங்கே மலர்ந்தது.

நீங்களும் அதே கவனத்தோடு வளர்க்கலாம். நல்ல வெயில் படும் இடத்தில், கால் அங்குல ஆழத்தில், நேரே நிலத்திலேயே விதையுங்கள். பிடுங்கி நடுவதை இச்செடி அவ்வளவாக விரும்பாது. ஒரு வாரத்துக்குள் முளைத்து, ஏறக்குறைய இரண்டு மாதங்களில் பூக்கும். காற்று உலவும்படி ஓரடி இடைவெளி விடுங்கள். இலைகளை நனைக்காமல் வேரடியில் தண்ணீர் ஊற்றுங்கள். பூக்களைப் பறிக்கப் பறிக்கப் புதுக் கிளைகள் விட்டு மேலும் பூக்கும்.

ஆனால் சில பூக்களைப் பறிக்காமல் செடியிலேயே காயவிடுங்கள். காய்ந்த இதழை இழுத்துப் பார்த்தால், அதன் அடியில் அம்பு முனையைப் போன்ற விதை இருக்கும். அதைக் காகித உறையில் காத்து, அடுத்த வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.

பிரியமானவர்களே, ஸின் தமக்குக் கிடைத்த சில ஆண்டுகளில் ஒரு தோட்டத்தைப் பேணினார், ஒரு கண்ணை நுணுகி ஆராய்ந்தார். மற்றதைப் பிறர் தொடர்ந்தார்கள். நம் நாட்கள் எத்தனை என்று நாம் அறியோம். இந்த வாரத்தில் நம் கையிலிருக்கும் விதையை விதைப்போம். அதன் மலரை வேறொருவர் காணட்டும்.