செனக பிபிலே: மருந்துப் பட்டியலும் மருத்துவக் கல்வியும்

இலங்கையின் மருந்துக் கொள்கை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் பேராசிரியர் செனக பிபிலே (1920–1977) மலிவு விலையில் மருந்து கிடைக்கச் செய்தவராகவே நினைவுகூரப்படுகிறார். அது மெய்யே. ஆயினும் அவரை முதலில் ஓர் ஆசிரியராக நோக்காதவிடத்து அவர்தம் பணியின் பாதியே நமக்குப் புலப்படும்.

1958 இல் அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் மருந்தியற் பேராசிரியரானார். பட்டம் பெற்று வெளியேறிய வைத்தியர்க்குப் புதிய மருந்துகளைப் பற்றிய அறிவை அந்நாளிற் பெரும்பாலும் ஊட்டியோர் கம்பனிப் பிரதிநிதிகளே. ஒரே மருந்து பல வணிகப் பெயர்களிற் பல விலைகளுக்கு விற்கப்பட்டது. வைத்தியசாலைகளுக்கென மருந்துகளைப் பொதுப் பெயராற் குறித்த தேர்ந்த பட்டியலொன்றை உருவாக்குவதில் பிபிலே முன்னின்றார். அப்பட்டியல், பல்கலைக்கழகத்துக்கு வெளியே சென்ற மாணவனைத் தொடர்ந்து சென்ற பாடநூல் எனலாம். பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் விளங்கிய அவர், 1970களின் தொடக்கத்தில் அங்கு மருத்துவக் கல்விப் பிரிவு தோன்றக் காரணமானார். மருத்துவத்தைக் கற்பிக்கும் முறையே ஆய்வுக்குரிய பொருளாயிற்று.

நுண்ணுயிரெதிரி மருந்துகளின் வரலாற்றோடு சேர்த்து நோக்கின் இதன் பெறுமதி விளங்கும். பெனிசிலின் பொதுப் பாவனைக்கு வந்து சில ஆண்டுகளே ஆன 1948 இல், லண்டன் வைத்தியசாலையொன்றில் ஆராயப்பட்ட ஸ்ரபிலோகொக்கசுக் கிருமிகளுள் அரைவாசிக்கு மேற்பட்டவை அம்மருந்துக்கு அடங்காதவை என மேரி பார்பர் காட்டினார். மருந்து கண்டவிடமெல்லாம் அதற்கு இளகாத கிருமிகளே எஞ்சிப் பெருகுகின்றன; ஆதலின் தேவையற்ற மருந்துச் சீட்டு ஒவ்வொன்றும் பிற நோயாளர்க்கும் ஊறு விளைக்கிறது. விலைக் குறைப்பு இதனைத் தடுக்காது. மலிவான மருந்தை வீணாக வழங்குதல் இன்னும் எளிதன்றோ? எழுதும் கையைப் பயிற்றுவதே வழி. இறக்குமதிச் சீர்திருத்தத்தை மட்டும் போற்றுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

1971 இல் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து அவர் அளித்த அறிக்கையின் வழி அரச மருந்துக் கூட்டுத்தாபனம் அமைந்தது. பிபிலே அதன் தலைவரானார். ஏறத்தாழ 2,100 ஆக இருந்த மருந்து வகைகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. பல்தேசியக் கம்பனிகளின் எதிர்ப்பு எத்தகையது என்பதை 1974 இன் கொலரா காட்டிற்று. ஹெக்ஸ்ற் நிறுவனத்திடம் வாங்கிய ரெற்றாசைக்கிளின் மூலப்பொருளைக் குளிசைகளாக்கித் தர பைசர் நிறுவனம் இணங்கவில்லை. நோய் பரவிக்கொண்டிருக்க, கூடிய செலவில் அம்மருந்தை வானூர்தி மூலம் தருவிக்க நேர்ந்தது. அந்நிறுவனத்தின் ஆலையை அரசு பொறுப்பேற்க எண்ணியபோது அமெரிக்கத் தூதுவர் தலையிட்டார், எண்ணம் கைவிடப்பட்டது.

1977 செப்டெம்பரில் கயானா நாட்டில் பிபிலே காலமானார். அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டதும் அவ்வாண்டிலேயே. அதே ஆண்டு வந்த புதிய அரசின் திறந்த பொருளாதாரத்தில் தனியார் மருந்து இறக்குமதி மீண்டும் பெருகியது. மருந்துகளை ஒழுங்குபடுத்தும் தேசிய அதிகாரசபைக்கான சட்டம் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2015 இல்.