கோட்டை வாசலிலே

இது பெரியகல்லாற்றிலே என் அம்மப்பா வாயால் நான் கேட்ட சரித்திரம்.

1961 பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தமிழரசுக் கட்சி தொடங்கிய சத்தியாக்கிரகம் சில நாளில் மட்டக்களப்புக்கும் வந்தது. ஒல்லாந்தர் கோட்டைக்குள்ளே கச்சேரி. அதன் வாசலை மறித்துச் சனம் உட்கார்ந்தது. தனிச் சிங்கள நிருவாகம் வேண்டாம் என்பதே கேள்வி. 1957இல் எழுதிய பண்டா-செல்வா ஒப்பந்தம் மறு வருஷமே கிழிபட்ட கசப்பு ஆறாத காலம்.

எங்கள் வளவில் முறை வைத்துப் போனார்களாம். கோயில் திருவிழாவுக்குக் குடிமுறை பார்த்த சனத்துக்கு அது புதிதா என்ன? ஒருவர் போனால், அவர் வலையையும் வயலையும் மற்றவர் பார்த்துக்கொள்வார். சோறு கட்டிக் கொடுத்த பெண்களை எந்த நூலும் எழுதவில்லை. எனக்கு அதிலே மனக்குறைதான்.

“பலன் தெரியல்லியே, சலிக்கல்லியா அம்மப்பா?”

“போகாத அண்டைக்குத்தான் மனே சலிப்பு.”

ஏப்ரல் 17இல் அவசரகாலச் சட்டம் வந்தது. தலைவர்களைப் பனாகொடை முகாமில் அடைத்தார்கள், வாசல்கள் வெறிச்சோடின. அத்தோடு எல்லாம் முடிந்ததென்று எழுதுவோர் உண்டு. நான் ஒப்பமாட்டேன். 1965 மார்ச் 22, தேர்தல் நாள். விடியுமுன்னே அம்மப்பா வாக்குச்சாவடி வரிசையில் நின்றார், கோட்டைக்குப் போட்டுப்போன அதே சால்வையோடு.