15 பவுண்டு பலாக்காய்: ஒரு பர்கரும் ஒரு லண்டன் தெருவும்

இன்றைய எபிசோடு ஒரு பர்கரில் ஆரம்பிக்கிறது.

போன வருஷம் ஆபீஸ் ப்ராஜெக்ட்டுக்காக ஒன்பது மாதம் லண்டனில் இருந்தேன். வீடு கிடைத்தது டால்ஸ்டனில். கிழக்கு லண்டனில், ஹாக்னி பகுதிக்குள் வரும் ஏரியா. முதல் வெள்ளிக்கிழமை டீம் ஆட்கள் பக்கத்தில் இருந்த ஒரு வீகன் ரெஸ்டாரண்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பூச்சு இல்லாத செங்கல் சுவர், மெனுவில் 'புகையில் வாட்டிய ஜாக்ஃப்ரூட் பர்கர்', விலை 15 பவுண்டு. ஒரு வாய் வைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த சாஸை எல்லாம் தாண்டி உள்ளே இருந்தது எங்க நாகர்கோவில் ஆச்சி வைக்கிற இடிச்சக்கைத் துவரன்!

அந்தப் பேரே எங்க பக்கத்தில் இருந்து போனதுதான். மலபார் கரையில் 'சக்க' என்று கேட்ட போர்ச்சுகீசியர்கள் அதை 'ஜாக்கா' ஆக்கினார்கள். ஆங்கிலத்தில் அது 'ஜாக்' ஆனது.

நான் சாஃப்ட்வேர் ஆள். ஒரு வரி கோடு புரியலைன்னா, யார் எழுதினது, எப்போ எழுதினதுன்னு பின்னாடி போய்ப் பார்ப்பேன். இந்த பர்கருக்கும் அதையே செஞ்சேன். கேள்வி இதுதான்: இந்தச் சாப்பாடு எப்போ 'பணக்காரப் பசங்க சாப்பாடு' ஆச்சு?

முதலில் 'வீகன்' என்ற சொல். வருஷம் 1944, நவம்பர். இரண்டாம் உலகப் போர் இன்னும் முடியவில்லை, பிரிட்டனில் எல்லாமே ரேஷன். டொனால்ட் வாட்சன் என்ற மரவேலை ஆசிரியர், தன்னைப் போலவே பாலும் முட்டையும் தொடாத ஐந்து பேரை லண்டனில் சந்திக்கிறார். சைவ உணவுக்காரர்களின் சங்கத்திடம், 'உங்க பத்திரிகையில் எங்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்க' என்று கேட்டு, கிடைக்காததால் தனியாகப் போனவர்கள் இவர்கள். 'வெஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் ஒட்டினால் 'வீகன்'. முதல் இதழின் விலை இரண்டு பென்னி. சந்தாதாரர்கள் 25 பேர்.

வாட்சன் பணக்காரர் இல்லை. யார்க்‌ஷயரின் சுரங்கத் தொழிலாளர் ஊர் ஒன்றில் வளர்ந்தவர். 14 வயதில் பள்ளியை விட்டு மரவேலை கற்கப் போனவர். மாமாவின் பண்ணையில் பன்றியை வெட்டுவதைச் சின்ன வயதில் பார்த்தது அவரை விடவே இல்லை. ஆக, இந்தச் சொல் பிறந்தபோது அதில் ஃபேஷனும் இல்லை, 15 பவுண்டும் இல்லை.

சரியாக 20 வருஷம் கழித்து, அதே லண்டனில் இன்னொரு சொல் பிறக்கிறது: 'ஜென்ட்ரிஃபிகேஷன்'. உருவாக்கியவர் ரூத் கிளாஸ். பெர்லினில் பிறந்த யூதப் பெண், நாட்டைவிட்டு வந்து லண்டனில் சமூகவியலாளர் ஆனவர். 1964-இல், இஸ்லிங்டன் மாதிரி ஏரியாக்களில் ஒன்றைக் கவனித்து எழுதினார். தொழிலாளர்கள் வாடகைக்கு இருந்த பழைய வீடுகளை, குத்தகை முடிந்ததும், வசதியானவர்கள் வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். ஒன்றிரண்டு வீட்டில் ஆரம்பிப்பது, பழைய குடித்தனக்காரர்கள் பெரும்பாலும் வெளியேறி ஏரியாவின் குணமே மாறும்வரை நிற்பதில்லை. 'ஜென்ட்ரி' என்றால் நிலபுலன் உள்ள மேட்டுக்குடி. பேரிலேயே ஒரு கிண்டல் இருக்கிறது.

இஸ்லிங்டன் எங்கே இருக்கிறது தெரியுமா? டால்ஸ்டனுக்கு அடுத்த ஏரியா. நடந்தே போகலாம்.

இதே ரூத் கிளாஸ் அதற்கு நாலு வருஷம் முன்னாடி, 1960-இல், கரீபியத் தீவுகளில் இருந்து லண்டனுக்கு வந்தவர்களைப் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்திருந்தார். 1948-இல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் வந்தது முதல் ஜமைக்கா மாதிரி தீவுகளில் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். பஸ் ஓட்டினார்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்கள். பலர் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று ஹாக்னி. டால்ஸ்டனின் ரிட்லி ரோடு மார்க்கெட் 1880-களில் இருந்து நடக்கிறது. ஒரு காலத்தில் யூத வியாபாரிகள், அப்புறம் கரீபியர்கள், ஆப்பிரிக்கர்கள், துருக்கியர்கள்.

இப்போ கதை திரும்புகிற இடம். ஜமைக்காவில் 1930-களில் தோன்றிய ராஸ்தஃபாரி மதத்தினரிடம் 'ஐடல்' என்று ஒரு சமையல் முறை உண்டு. எல்லா ராஸ்தாக்களும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்கள் இறைச்சி, பால் தொடமாட்டார்கள், பலர் உப்பே சேர்க்கமாட்டார்கள். தேங்காய்ப்பால், சேனை மாதிரியான கிழங்கு, பயறு, கீரை. அதாவது, செங்கல் சுவர் ரெஸ்டாரண்ட் வருவதற்குப் பல வருஷம் முன்பே இந்த மாதிரி ஏரியாக்களில் 'வீகன்' சாப்பாடு வெந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பேரில் இல்லை, அவ்வளவுதான்.

இந்தச் சமையலில் நம்ம பக்கத்து வாசனையும் இருக்கிறது. 1845 முதல் 1917 வரை இந்தியாவில் இருந்து சுமார் 36,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்குப் போனார்கள். பெரும்பாலும் வட இந்தியர்கள். இறைச்சியை விலக்கும் ராஸ்தா பழக்கத்தில் இவர்களின் தாக்கம் உண்டு என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பலா அவர்களுக்கும் முந்தி. 1782-இல் பிரிட்டிஷார் பிடித்த ஒரு பிரெஞ்சுக் கப்பலில் இருந்த பலாக் கன்றுகள் ஜமைக்காவில் இறக்கப்பட்டன. என் தட்டுக்கு வந்த காய், கிட்டத்தட்ட எல்லாரையும் விட சீனியர்!

அப்புறம் ஏன் 15 பவுண்டு? காய்க்காகவா? அந்தத் தெருவைத் தாண்டி ரிட்லி ரோட்டில் பலாக்காய் டின் 2 பவுண்டு. நாம் கொடுப்பதில் பெரிய பங்கு அந்த இடத்துக்கு.

1979-இல் நீல் ஸ்மித் என்ற புவியியலாளர் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். எளிமையாகச் சொன்னால்: ஒரு பழைய கட்டடம் இன்று கொடுக்கிற வாடகை ஒன்று. அதே மனையில் வேறு ஆள், வேறு கட்டடம் வந்தால் கிடைக்கக்கூடிய வாடகை இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே இடைவெளி பெரிதாக ஆக, முதலீடு உள்ளே வரும். அது பசங்களின் ரசனையால் மட்டும் நடப்பதில்லை, மனைக் கணக்கால் நடக்கிறது.

டால்ஸ்டனில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1966-இல் அங்கே 'ஃபோர் ஏசஸ்' என்ற கிளப் ஆரம்பித்தது. கறுப்பின இசைக்கு லண்டனில் கிடைத்த முதல் இடங்களில் ஒன்று. 2007-இல் அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். 2010-இல் பக்கத்திலேயே புது ரயில் ஸ்டேஷன் திறந்தது. கிளப் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழே ஒரு நூலகம், டிரினிடாட் எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் பேரில். அந்தப் பேரையும் ஒரு கட்டத்தில் கைவிடப் பார்த்தார்கள். மக்கள் எதிர்த்ததால் பேர் தப்பித்தது.

மார்க்கெட்டில் கிழங்கு விற்கிற ஒரு ஜமைக்கா அம்மாவிடம் வாரா வாரம் காய் வாங்குவேன். ஒரு நாள் அந்த ரெஸ்டாரண்டைப் பற்றிக் கேட்டேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டவில்லை. "ஒரு தடவை போனேன், உப்பு ஜாஸ்தி" என்றார். அப்புறம், "நான் கவுன்சில் வீட்டுல இருக்கேன், அதனால இங்க இருக்கேன். என் பொண்ணால வாடகை கட்ட முடியல, என்ஃபீல்டு பக்கம் போயிட்டா. பேரப்பிள்ளைங்களைப் பார்க்க ரெண்டு பஸ் மாறணும்" என்றார். 1980-இல் வந்த சட்டம், கவுன்சில் வீடுகளைக் குடியிருப்பவர்களே தள்ளுபடியில் வாங்கும் உரிமையைக் கொடுத்தது. வாங்கியவர்களுக்கு லாபம்தான். ஆனால் விற்ற அளவுக்குப் புது வீடுகள் கட்டப்படவில்லை. அந்த அம்மாவின் தலைமுறைக்குக் கிடைத்த கூரை மகளுக்குக் கிடைக்கவில்லை.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லணும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சென்னையில் வீடு தேடினேன். புரோக்கர் முதலில் சம்பளம் கேட்கவில்லை. "தம்பி, நீங்க வெஜ்ஜா?" என்றார். மீன் சாப்பிடுவேன் என்றதும் இரண்டு வீடு கைவிட்டுப் போனது. சாப்பாட்டை வைத்து ஒருவரை ஏரியாவுக்கு வெளியே நிறுத்துவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

டால்ஸ்டனில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கம்பெனி கொடுத்த வாடகைப் படி போதுமானதாக இருந்தது. அங்கே நான் கதவுக்கு உள்ளே இருந்தவன்.

என்னைக் கேட்டால், வீகன் ரெஸ்டாரண்டைத் திட்டுவது ரொம்ப சுலபம், கொஞ்சம் சோம்பேறித்தனமும்கூட. உயிர்களைக் கொல்லக் கூடாது என்ற வாட்சனின் எண்ணத்தில் தப்பு ஒன்றும் இல்லை. நான் கிளம்பும் நேரத்தில் அந்த ரெஸ்டாரண்டிலேயே 'குத்தகை முடிகிறது' என்று சர்வர் சொன்னார். அடுத்த வாடகையை அவங்களாலும் கட்ட முடியாதாம். மெனுவைப் பார்த்துக் கோபப்படுவதை விட, அந்த மனை யாருடையது, வாடகையை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்பதுதான் உபயோகம்.

ஆனால் அதைச் சொல்லி நான் மட்டும் தப்பித்துவிடவும் முடியாது. என் வீட்டுக் கதவின் தபால் துவாரத்தில் மாதத்துக்கு இரண்டு மூன்று கடிதம் விழும். எல்லாம் எனக்கு முன்னால் குடியிருந்தவர் பேருக்கு. துருக்கியப் பேர். ஒன்று ஏதோ பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தது. வீட்டு ஏஜென்ட்டிடம் புது முகவரி கேட்டேன், தங்களிடம் இல்லை என்றார்கள். ஒவ்வொன்றின் மேலும் 'இங்கே இல்லை' என்று எழுதித் தபால் பெட்டியில் போட்டேன். ஒன்பது மாதமும் அவை வந்துகொண்டே இருந்தன.

உங்க ஏரியாவில் புதுசா ஒரு கஃபே திறந்தால், போய்ச் சாப்பிடுங்க, தப்பே இல்லை. அப்படியே அந்த இடத்தில் முன்னாடி என்ன இருந்தது, அவங்க எங்கே போனாங்கன்னு பக்கத்துக் கடை அண்ணாகிட்ட கேளுங்க. கிடைக்கிற பதிலை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அதில் சிலதைக் கேட்கலாம்.